மேடைக்குப் பின்னால் கைகொடுக்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் சபா நாடகக் குழுக்களில் சேர்கிற எல்லாரும் நடிக்க ஆசைப்பட்டு வருபவர்கள் அல்ல. "வசனமெல்லாம் வேண்டாம் சார், பேக் ஸ்டேஜ்ல கூடமாட ஒத்தாசையா இருங்க, போதும்" என்று குழுவில் இருக்கும் நண்பர் கூப்பிடுவார். நாடகம் பிடித்தவர்களால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. அப்படிப் போகிறவர்கள் முதல் நாடகத்தில் அடிபடுவது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். கைக்காசு கரைகிறது, சனி ஞாயிறு காணாமல் போகிறது, இருட்டில் சோபாக் காலில் முழங்கால் இடிபடுகிறது, கடைசியில் தாம்பாளம் எங்கே என்று யாரோ ஒருவர் நாலு பேர் முன்னால் கத்துகிறார். யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் விங் (மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) ஓரம் நின்று பழகிய எல்லாருக்கும் உண்டு. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலம்தொட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடுகிறவர்களின் மரபு ஒன்று இங்கே இருக்கிறது. இன்றைய அமெச்சூர் குழுக்களும் அதே வழிதான். பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் ஒத்திகை. நாடகத்தை ஏற்பாடு செய்யும் சபா கொடுக்கும் தொகையிலிருந்து செட், லைட், மைக், மேக்கப், வண்டி வாடகை போனபிறகு மிச்சம் பெரிதாக இருக்காது. ஆகவே உங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், சின்னச் சின்னச் செலவுகள் உங்கள் பர்ஸிலிருந்து போகும் என்பது. ஆட்டோ, பேட்டரி, டேப், ஊக்கு, பூ, வெற்றிலை, நடிகர்களுக்கு நடுவில் வாங்கும் காபி. ஐம்பதும் நூறுமாகப் போவதால் கணக்கு வைத்துக்கொள்ளத் தோன்றாது. நாடகம் முடிந்து கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தொட்டிருக்கும். எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் வீட்டுக்கு வந்தால் மனசுக்குள் கசக்கும். அதனால் சேரும் அன்றைக்கே, ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே, கையில் ஒரு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் என்றாலும் சரி. அது தீர்ந்தால் பில்லைக் காட்டி அடுத்ததை வாங்குங்கள். பில் இல்லாத செலவை அன்றைக்கே குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பணம் பேசத் தயங்கியவர்கள்தான் இரண்டாவது நாடகத்துக்குத் திரும்பி வராமல் போகிறார்கள்.

இரண்டாவது, உங்கள் வேலை எது என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். செட்டும் லைட்டும் மேக்கப்பும் பெரும்பாலும் வாடகைக்கு வருபவர்கள் கையில் இருக்கும். அவர்கள் தொழில்காரர்கள், பல குழுக்களுக்கு வேலை செய்கிறவர்கள். தன்னார்வமாக வருபவருக்கு மிஞ்சுவது ப்ராப்பர்ட்டி (மேடைச் சாமான்கள்), உடை, மியூசிக், ப்ராம்ப்டிங் (மறந்த வசனத்தை எடுத்துக்கொடுப்பது), சீன் மாற்றுவது. இதில் ப்ராப்பர்ட்டியையும் சீன் மாற்றுவதையும் ஒருவரே பார்க்கலாம். ப்ராம்ப்டிங் செய்கிறவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஒரு விநாடி கண் ஸ்கிரிப்டை விட்டு அகன்றாலும் நடிகர் அம்போவென்று நிற்பார். மியூசிக் போடுகிறவரை "அப்படியே அந்த நாற்காலியையும் எடுத்து வெச்சிடுங்க" என்று கேட்பது வழக்கம். முடியாது என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிவானதும் ஸ்கிரிப்டைக் கதைக்காக ஒரு தடவை படித்துவிட்டு, சாமான்களுக்காக இன்னொரு தடவை படியுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சீன் எண், பொருள், யார் கையில் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது, எந்தப் பக்கமாக வெளியே வருகிறது, அடுத்து எந்த சீனில் தேவை. நான்காவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இடது விங்கில் வெளியே வந்த குடை அடுத்த சீனில் வலது விங்கிலிருந்து உள்ளே போக வேண்டியிருக்கும். மேடைக்குப் பின்னால் சுற்றிப்போக வழி இருக்கிற அரங்கில் எடுத்துக்கொண்டு ஓடலாம். பின்திரை சுவரோடு ஒட்டியிருந்தால் நடுவில் கடக்கவே முடியாது. அப்போது ஒரே மாதிரி இரண்டு குடை வாங்குவதுதான் வழி. இது ஒத்திகை நாளிலேயே தெரிந்தால் இருநூறு முந்நூறு ரூபாய்ச் செலவு. நாடகத்தன்று தெரிந்தால் ஒரு சீனே போச்சு.

வசனத்தில் எழுதாத சாமான்களும் உண்டு. "கடிதத்தைப் படிக்கிறார்" என்றிருந்தால் அந்தக் கடிதத்தில் முழு வாசகத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எத்தனை தடவை மனப்பாடமாகச் சொன்னவராக இருந்தாலும் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் தடுமாறுவார். கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம். உடைந்தால் வெறுங்காலோடு நடிப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஆபத்து. மேடைக்குப் போகும் காபி ஆறியிருக்க வேண்டும், அரை டம்ளருக்கு மேல் கூடாது. மதுவுக்குப் பதிலாகப் பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனில் தண்ணீர் கலந்தால் போதும், விளக்கில் நிறம் சரியாக வரும். சாப்பிடுகிற சீனில் உதிர்கிற மிக்சர், முறுக்கு எல்லாம் தொண்டையில் சிக்கும். இட்லித் துண்டோ வாழைப்பழமோதான் பத்திரம். விளக்கேற்றும் சீன் இருந்தால் முதலில் அரங்கத்தில் அனுமதி கேளுங்கள். பேட்டரி விளக்கு வைக்க முடியுமானால் அதையே வையுங்கள். உண்மை நெருப்புதான் வேண்டும் என்று இயக்குநர் சொன்னால், படுதாவிலிருந்து தள்ளி விளக்கின் இடத்தைக் குறியுங்கள். ஏற்றுகிறவர் நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவை கட்டக் கூடாது. விங்கில் ஒரு மணல் வாளியும், ஈரச் சாக்கும், இயக்கத் தெரிந்த ஒருவரின் கையெட்டும் தூரத்தில் தீயணைப்பானும் இருக்கட்டும்.

சாமான்களைக் கடைசி மூன்று ஒத்திகைகளிலாவது நடிகர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். "அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்பவர்கள்தான் பூட்டைத் திறக்கத் தெரியாமல் மேடையில் திண்டாடுவார்கள். ஒத்திகை இடத்தின் தரையில் டேப் ஒட்டி, அரங்கத்தின் உண்மையான அகல ஆழத்தைக் காட்டுங்கள். அரங்கத்துக்கு அரங்கம் மேடை வேறு. வாணி மகாலில் போட்ட நாடகத்தை மியூசியம் தியேட்டரில் போடும்போது நுழைவு, விங், வெளிச்சம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும். அளவு நாடாவோடு நேரில் போய் அளந்துவிட்டு வாருங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட அளவை நம்ப வேண்டாம்.

இனி நாடக நாள். ஏழு மணி நாடகத்துக்குக் காலை பத்து மணிக்கே மேடை கிடைத்தால் அதிர்ஷ்டம். மதியம் வேறு நிகழ்ச்சி இருந்தால் மூன்று மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். குட்டியானை வண்டியில் கடைசியாக வேண்டியதை முதலில் ஏற்றுங்கள், முதலில் வேண்டியது கதவோரம் இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை என்றால் தார்ப்பாய் இல்லாமல் வண்டியே எடுக்காதீர்கள், நனைந்த செட் தட்டியில் பெயிண்ட் உரிந்து வரும். வரிசை எப்போதும் இதுதான்: முதலில் செட், பிறகு லைட், பிறகு மைக், கடைசியில் சாமான்கள். செட் நிற்பதற்கு முன் லைட்டை ஃபோகஸ் செய்தால் இரண்டாவது தடவை ஏணி ஏற வேண்டியிருக்கும். செட் நின்றதும் தட்டிகளின் பின்புறம் போய், முட்டுக்கட்டை ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். கதவு இருக்கிற தட்டிக்கு இரட்டை முட்டுக் கொடுத்து மணல் மூட்டையும் வைக்க வேண்டும். கோபத்தில் கதவைச் சாத்துகிற சீனில் சுவரே ஆடினால் அந்தச் சண்டையை யாரும் நம்ப மாட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை அப்போதே அடித்து மடக்கிவிடுங்கள்.

மின்சாரத்தில் நீங்கள் கைவைக்கக் கூடாது, ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் அதிகபட்சம் மூன்று. நான்காவதைச் செருகினால் 17ஐத் தாண்டிவிடும். உடனே ட்ரிப் ஆகாது, சூடேறிச் சூடேறி நாடகத்தின் நடுவில் ஆகலாம். எல்.இ.டி. பார் (PAR) விளக்குகள் பெரும்பாலும் 200 வாட்டுக்குள் அடங்கும் என்பதால் இப்போது அந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. அவற்றுக்கு வேறு பிரச்சினை உண்டு. விளக்குகளைக் கட்டுப்படுத்த விளக்கிலிருந்து விளக்குக்குப் போகும் டி.எம்.எக்ஸ். கேபிளும் மூன்று முனை மைக் கேபிளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அவசரத்தில் மைக் கேபிளைச் செருகிவிட்டால் விளக்குகள் காரணமில்லாமல் மின்னும். இரண்டு வகைக்கும் இரண்டு நிறத்தில் டேப் சுற்றி வைப்பதே நிம்மதி. டிரம்மில் சுற்றிய ஜங்ஷன் பாக்ஸ் ஒயரை முழுக்கப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே லோடு ஏற்றினால் உள்ளே உருகிவிடும். நடக்கிற வழியில் ஓடும் ஒயர் ஒவ்வொன்றின்மீதும் துணி டேப் ஒட்டுங்கள். பழுப்பு பேக்கிங் டேப் மலிவுதான், ஆனால் தரையில் பசை ஒட்டிக்கொள்ளும், அரங்கத்துக்காரர் கோபிப்பார்.

மியூசிக் போடுகிறவர் லேப்டாப்பை நம்பித்தான் உட்காருகிறார். கோப்புகளை பென்டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்பிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், பென்டிரைவ் மாற்றுக்கு இருக்கட்டும். 01, 02 என்று எண்ணிட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி பிளேயரில் மாற்றுங்கள். சாவு வீட்டு சீன் இசை முடிந்து, அடுத்த கோப்பில் இருக்கும் கல்யாண நாகஸ்வரம் தானாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நெட், அப்டேட், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும். அதற்காகவே பேட்டரி முழுக்க ஏறியிருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடிகளில் லைட் போர்டும் மிக்ஸரும் மறுபடி முதலிலிருந்து கிளம்பும். சின்ன யு.பி.எஸ். ஒன்று அந்த இரண்டுக்கும் போதும். சினிமாப் பாட்டுத் துணுக்குகளைச் சேர்ப்பதற்கு முன் குழுவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நாடகத்தைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் காப்புரிமை உரிமைகோரல் வந்து நிற்கும்.

காலர் மைக் இருக்கிற நாடகமென்றால் ஒவ்வொரு தடவை நாடகம் போடும்போதும் புது ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். நேற்று இரண்டரை மணி நேரம் ஓடியதை இன்றைக்கும் ஓட்டிப் பார்ப்பது வேண்டாத சிக்கனம். மைக்கோடு வரும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை வியர்வை படாமல் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் தனித் துணிப்பட்டியில் கட்டுங்கள். வேட்டி மடிப்பில் செருகினால் உட்காரும்போது நழுவும். கன்னத்தில் மருத்துவ டேப் ஒட்டுவதற்கு முன் வியர்வையைத் துடைக்க வேண்டும், மேக்கப்புக்கு மேல் ஒட்டினால் பத்து நிமிஷம் தாங்காது. மேடையை விட்டு வெளியே வரும் நடிகரின் மைக்கை மிக்ஸரில் உடனே மூட வேண்டும். மூடாவிட்டால் அவர் விங்கில் வந்து பேசும் முதல் வாக்கியம் அரங்கம் முழுக்கக் கேட்டுவிடும். யார் எப்போது வெளியே வருகிறார் என்ற பட்டியலைச் சவுண்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் தேவை. மேலிருந்து தொங்கும் மைக் என்றால், விங்கில் பாத்திரம் உரசும் சத்தத்தைக்கூட அது விடாது.

மாலை ஐந்து மணிக்கு ப்ராப்பர்ட்டி மேஜையை அடுக்கிவிடுங்கள். இடது விங்கில் ஒன்று, வலது விங்கில் ஒன்று. மேஜைமேல் வெள்ளை சார்ட் பேப்பரை விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்து, உள்ளே சீன் எண்ணையும் பெயரையும் எழுதுங்கள். மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, ஆஸ்பத்திரி ஃபைல், மஞ்சள் பை. பொருள் வெளியே போனால் கட்டம் காலியாக இருக்கும், திரும்பி வந்தால் நிரம்பும். நீல ஜெலட்டின் காகிதம் ஒட்டிய பென் டார்ச்சை ஒரு விநாடி அடித்தாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும். நினைவை நம்பி எதையும் செய்ய வேண்டாம், அதுவும் அந்த இருட்டில், பதற்றத்தில், பக்கத்தில் ஒருவர் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது. நடிகர்களிடம் ஒரே விதி சொல்லுங்கள்: எடுத்தவரே திரும்ப வைக்க வேண்டும். பெரிய நடிகர்களுக்கும் இது பொருந்தும். கைபேசியையும் காபி டம்ளரையும் அந்த மேஜைமேல் வைக்க யாரையும் விடாதீர்கள். அரங்கக் கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை பட்டியலோடு சரிபாருங்கள்.

பிளாக் அவுட்டில், அதாவது விளக்கெல்லாம் அணைந்த இருட்டில், சீன் மாற்றுவதைக் குழுக்கள் சரியாக ஒத்திகை பார்ப்பதில்லை, வசனத்தோடு ஒத்திகை முடிந்துவிடுகிறது. நாற்காலியின் முன்கால்கள் எங்கே வரும் என்று தரையில் சின்னதாக டேப் ஒட்டுங்கள். சீனுக்கு ஒரு நிறம் வைத்தால் குழப்பம் வராது. ரேடியம் ஸ்டிக்கர் இருட்டில் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய சீனில் அதன்மேல் வெளிச்சம் விழுந்திருக்க வேண்டும். சோபாவுக்கு அடியில் ஒட்டிவைத்தால் ஒளிராது. விளக்கு அணைந்ததும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் அணைவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே கண்ணை மூடிக்கொண்டு நின்று, பிறகு உள்ளே போங்கள். யார் எதைத் தூக்குகிறார், எந்த வழியாக வருகிறார் என்பதைப் பெயர்போட்டு எழுதி விங்கில் ஒட்டுங்கள். உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் ஒரே விங் இடைவெளியைப் பயன்படுத்தினால் மோதல் நிச்சயம். வெறுங்கையோடு திரும்ப வேண்டாம், ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வந்தால் ஆள் குறையும். உடை கறுப்பு, காலில் ரப்பர் அடி கேன்வாஸ் ஷூ. வெள்ளை வேட்டியோ வளையலோ கொலுசோ வேண்டாம். எல்லாரும் வெளியே வந்தாச்சு என்று ஒரே ஒருவர்தான் லைட்டுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சொன்னால், மேஜையோடு மேடை நடுவில் ஒருவர் பளிச்சென்று மாட்டிக்கொள்வார்.

உடை மாற்றமும் அப்படித்தான். ஒரு நிமிஷத்துக்குள் மாற்ற வேண்டுமானால் நடிகரை அறைக்கு அனுப்பாதீர்கள், விங்கிலேயே நீல விளக்கு வைத்து மாற்றுங்கள். கடைசியில் போடுவது அடியில், முதலில் போடுவது மேலே என்று நாற்காலிமேல் அடுக்குங்கள். சட்டைப் பொத்தான்களுக்கு உள்ளே வெல்க்ரோ தைத்து, பொத்தானை வெளியே அழகுக்கு மட்டும் வையுங்கள். ஒட்டிக்கோ வேட்டியும், மடிப்பு வைத்துத் தைத்து ஹூக் போட்ட புடவையும் இல்லாவிட்டால் ஒரு நிமிஷத்தில் நடக்காது. ஒட்டு மீசைக்கு ஸ்பிரிட் கம் தடவியவுடனே ஒட்டக் கூடாது, விரலில் தொட்டால் பிசுக்கென்று இழுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரமான உதட்டில் ஒட்டவே ஒட்டாது. சிலருக்கு அந்தப் பசை அரிக்கும், ஒரு வாரம் முன்னாலேயே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். கழற்றும்போது இழுக்காமல் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு எடுக்க வேண்டும்.

ப்ராம்ப்டிங் செய்கிறவர் எல்லா ஒத்திகைக்கும் போயிருக்க வேண்டும். நடிகர் வேண்டுமென்றே எங்கே நிறுத்துகிறார், எங்கே மறந்து நிற்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். நிறுத்தும் இடங்களைப் பென்சிலால் சாய்கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொடுப்பது முதல் இரண்டு வார்த்தை மட்டும். முழு வாக்கியத்தைச் சொன்னால் அவர் கேட்பாரா, பேசுவாரா?

இத்தனைக்கும் நடுவில் உங்கள் மனசு எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நாடகத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பக்கவாட்டில் ஒரு கீற்றுதான் தெரியும். அரங்கம் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. முடிவில் எல்லாரையும் மேடையில் அறிமுகம் செய்யும்போது உங்கள் பெயர் விட்டுப்போகலாம். அது வலிக்கும், வலிப்பதில் தப்பில்லை. அறிமுகம் செய்யப்போகிறவர் கையில் மாலையிலேயே பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பெயர் விடுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த நேரத்து ஞாபகமறதிதான். நடிகர் ஆர்.எஸ். மனோகரின் நாடகக் குழுவான நேஷனல் தியேட்டர்ஸ் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போனது. அந்தப் பிரமாண்டத்தைத் திரைக்குப் பின்னால் கயிறும் சக்கரமும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் சாத்தியமாக்கினார்கள். அந்த வேலைக்கான மரியாதையைக் கேட்டு வாங்குவதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

திரை விழுந்ததும் இன்னும் ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறது என்று வீட்டில் முன்னமே சொல்லிவிட்டு வாருங்கள். ரசிகர்களும் உறவினர்களும் மேடையேறிச் செல்ஃபி எடுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சாமான்கள் காணாமல் போகும். முதலில் நகை, கைக்கடிகாரம், மைக் மூன்றையும் எண்ணி வாங்குங்கள். அரங்கத்துக்காரர் சொன்ன நேரத்துக்குக் காலி செய்யாவிட்டால் கூடுதல் வாடகை உண்டு, அதனால் லோடு ஏற்ற ஆட்களைக் கூட்டம் கலைவதற்கு முன்பே பிடித்து வையுங்கள். நடிகர்களில் இரண்டு பேரையாவது மேக்கப் கலைத்துவிட்டுக் கைகொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், நல்ல குழுவில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாடகை உடைகளை எடுத்த ரசீதோடு ஒப்பிட்டு, துண்டு, இடுப்புக்கயிறு உள்பட எண்ணி மடித்து மறுநாளே கடையில் சேர்த்தால்தான் முன்பணம் முழுசாகத் திரும்பும். டிரான்ஸ்மிட்டர்களிலிருந்தும் டார்ச்சிலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அடுத்த நாடகம்வரை உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். சாமான் பட்டியலில் உடைந்தது, தொலைந்தது, மாற்ற வேண்டியது எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்து, மிச்சப் பணத்தோடும் பில்களோடும் அந்த வாரத்துக்குள் குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.